வெம்மையும் பக்குவமும்: சீன மரபு மருத்துவத்தில் வெம்மை மூலிகைகளும் அவற்றைப் பதப்படுத்தும் முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

சீன மரபு மருத்துவம் மூலிகைகளை வெம்மை, இளவெம்மை, தண்மை, குளிர்மை என நால்வகைத் தன்மைகளுள் அடக்கி விளக்குகிறது. தமிழில் வெளிவரும் அறிமுக நூல்களும் கட்டுரைகளும் இத்தன்மையைத் தாவரத்தின் நிலையான இயல்பாகவே கொண்டு பட்டியலிடுகின்றன. சீன மூலநூல்களின் நடைமுறையோ வேறு. ஒரே கிழங்கு உலர்த்தும் முறையாலும் சுடும் முறையாலும் வெவ்வேறு மருந்தாகிறது. குளிர்மையுடைய வேர் அவித்தலால் இளவெம்மை பெறுகிறது. கொல்லும் நஞ்சு நீண்ட கொதிப்பால் உயிர்காக்கும் மருந்தாகிறது. இஞ்சி, திஹுவாங், ஃபூஸி ஆகிய மூன்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, தன்மை என்பது தாவரமும் பக்குவமும் சேர்ந்து உருவாக்குவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சீன மரபு மருத்துவம், வெம்மை மூலிகைகள், பாவ்ஜி, ஃபூஸி, இஞ்சி, குடிநீர், நஞ்சு நீக்கம்

முன்னுரை

சீன மருந்தியலின் மிகப் பழைய நூலாகக் கருதப்படும் 'ஷென்னோங் பென்ட்சாவ் ஜிங்' ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்டது. அது 365 மருந்துப் பொருள்களை மேல், இடை, கீழ் என மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. நெடுநாள் உண்ணத்தக்கவை மேல்தரத்திலும், நச்சுத்தன்மை மிக்கவையும் நோய் தீர்ந்ததும் நிறுத்த வேண்டியவையும் கீழ்த்தரத்திலும் வைக்கப்பட்டன. ஐந்து சுவைகளும் நான்கு தன்மைகளும் மருந்தை அறியும் அளவுகோல்களாக அந்நூலிலேயே இடம்பெறுகின்றன. குளிர்நோய்க்கு வெம்மை மருந்து, வெப்பநோய்க்குக் குளிர்மை மருந்து என்னும் விதியும் அதிலேயே உண்டு.

இங்குக் குறிக்கப்படும் வெம்மை வெப்பமானியால் அளக்கக்கூடிய சூடன்று. உண்டபின் உடலில் தோன்றும் விளைவைக் கொண்டு பின்னோக்கி உய்த்துணரப்பட்டது அது. கைகால் சில்லிடல், வயிறு குளிர்ந்து வலித்தல், தெளிந்த நீராகக் கழிதல், நாடி ஆழ்ந்து மெலிதல் ஆகிய குறிகளைப் போக்கும் பொருள் வெம்மையுடையது எனப்பட்டது. தன்மை நோயாளியின் உடலில் வெளிப்படுவதால், நோயாளியின் உடலைச் சென்றடைவதற்குமுன் அப்பொருளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் கணக்கில் வரவேண்டியதாயிற்று. பதப்படுத்தல் சீன மருந்தியலில் தனித்துறையாக வளர்ந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

பாவ்ஜி என்னும் துறை

மூலிகையைப் பதப்படுத்தும் கலைக்குச் சீன மொழியில் 'பாவ்ஜி' என்று பெயர். அப்பெயரின் பழைய வடிவில் அமைந்த இரண்டு எழுத்துகளும் நெருப்பைக் குறிக்கும் உறுப்பைத் தம்முள் கொண்டவை. சுடுதலும் வாட்டுதலும் அவற்றின் நேர்ப்பொருள். பிற்காலத்தில் கழுவுதல், ஊறவைத்தல், நறுக்குதல் முதலிய நீர்ப்பணிகளும் இப்பெயருள் அடங்கின. இத்துறைக்கு உரிய முதல் தனிநூல் 'லெய்கோங் பாவ்ஜி லுன்'. அது ஐந்தாம் நூற்றாண்டினரான லெய் சியாவ் என்பாருடையது என மரபு கூறும். மூலநூல் மறைந்துபோக, பிற்கால மருந்துநூல்கள் எடுத்தாண்ட பகுதிகளிலிருந்தே அது மீட்டமைக்கப்பட்டது. மிங் காலத்தில் மியாவ் சியோங் எழுதிய 'பாவ்ஜி தாஃபா' 1622இல் வெளிவந்தது.

முறைகள் பல. வெறுஞ்சட்டியில் வறுத்தல், மணலோடு சேர்த்துப் பொரித்தல், ஈரத்தாளிலோ பிசைந்த மாவிலோ பொதிந்து தணலில் சுடுதல், அவித்தல், வேகவைத்தல், கனிமங்களைச் செந்தழலில் காய்ச்சிக் காடியில் தோய்த்தல் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் வெம்மையோடு நெருங்கிய தொடர்புடையது துணைப்பொருள் சேர்த்து வறுக்கும் முறை. தேன், மது, காடி, உப்புநீர், இஞ்சிச்சாறு ஆகியவை பெரிதும் பயன்படும் துணைப்பொருள்கள். மது மருந்தை மேல்நோக்கிச் செலுத்தும், இஞ்சிச்சாறு இளவெம்மை தந்து பரப்பும், உப்பு சிறுநீரகத்துக்கும் காடி கல்லீரலுக்கும் இட்டுச்செல்லும் என்னும் கொள்கை மிங் கால நூல்களில் தெளிவாக வரையறுக்கப்பட்டது. இக்கொள்கையின் ஒவ்வொரு கூறும் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கத் தக்கது என்று கொள்ள வேண்டியதில்லை. எந்தப் பொருளை எதனோடு, ஏன் வறுத்தனர் என்பதை நினைவில் நிறுத்தும் ஒழுங்காக அது பயன்பட்டது என்பதே இதன் முதன்மை.

ஒரே கிழங்கு, மூன்று மருந்து

தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும் சான்று இஞ்சி. பச்சை இஞ்சி 'ஷெங்ஜியாங்', உலர்ந்தது 'கான்ஜியாங்', மணலில் பொரித்து மேற்புறம் பழுப்பேறியது 'பாவ்ஜியாங்'. இன்றைய சீன மருந்தியல் பாடநூல்களில் இம்மூன்றும் ஒரே இயலில் இடம்பெறுவதில்லை. பச்சை இஞ்சி, வியர்வை வருவித்து மேற்புற நோயை விலக்கும் மருந்துகளோடு வைக்கப்படுகிறது. தன்மை சற்றே இளவெம்மை. உலர்ந்த இஞ்சி, உள்ளுறுப்புகளை வெம்மைப்படுத்தும் மருந்துகளோடு, தன்மை வெம்மை. பொரித்த இஞ்சி குருதிப்போக்கை நிறுத்தும் மருந்துகளோடு இடம்பெறுகிறது. பச்சை இஞ்சியின் தோலோ தண்மையுடையதென்று கொள்ளப்பட்டு, நீர்வீக்கத்துக்குத் தனியே பயன்படுகிறது. கிழங்கு வெம்மை, தோல் தண்மை என்னும் இக்கூற்று, 'இஞ்சியின் தன்மை யாது' என்னும் வினாவே சீன மருந்தியலில் முழுமையற்றது என்பதைக் காட்டுகிறது.

இவ்வேறுபாட்டுக்கு வேதியியல் அடிப்படையும் உண்டு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு முதன்மைக் காரணம் ஜிஞ்சரால் என்னும் சேர்மத்தொகுதி. உலர்த்தும்போதும் சூடாக்கும்போதும் அது நீர்மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. சமைக்கையில் ஒரு பகுதி, காரம் குறைந்த ஜிஞ்சரோனாகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது. வெப்பத்தையும் மிளகாயின் காரத்தையும் ஒருசேர உணரும் நரம்பு ஏற்பியை இவ்விரண்டும் தூண்டுகின்றன. சுக்கு இஞ்சியினும் காரமானது என்னும் அடுக்களை அறிவும், கான்ஜியாங் ஷெங்ஜியாங்கினும் வெம்மையானது என்னும் சீன நூல்களின் கூற்றும் இவ்வகையில் ஒரே நிகழ்வைச் சுட்டுகின்றன. ஆயினும் நாவில் எரியும் காரமும் நூல்கள் கூறும் வெம்மையும் முற்றும் ஒன்றே என முடிவுகட்டுதல் பொருந்தாது. காரமே இல்லாத பொருள்களும் வெம்மையுடையன எனப்படுகின்றன. அடுத்து வரும் திஹுவாங் அத்தகையது.

குளிர்மை இளவெம்மையாதல்

திஹுவாங் என்பது ரெமானியா குளூட்டினோசா என்னும் செடியின் வேர்க்கிழங்கு. பச்சையாகவும் வெறுமனே உலர்த்திய நிலையிலும் அது குளிர்மையுடையது. குருதியின் வெப்பத்தைத் தணிக்கத் தரப்படுவது. அதனையே மதுவில் தோய்த்து அவித்து வெயிலில் உலர்த்தி, மீண்டும் அவித்து உலர்த்தி, கறுத்துப் பளபளத்து இனிக்கும்வரை பக்குவப்படுத்தினால் 'ஷூதிஹுவாங்' ஆகிறது. இது இளவெம்மையுடையது; குருதியை ஊட்டுவது. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை உலர்த்துதல் சிறந்த பக்குவமாகப் போற்றப்பட்டது. லீ ஷிஜென் 1578இல் எழுதிமுடித்து 1596இல் நான்ஜிங்கில் அச்சேறிய 'பென்ட்சாவ் காங்மு' 1892 மருந்துப் பொருள்களை விளக்கும் பெருநூல். அதிலும் இப்பக்குவம் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மீண்டும் மீண்டும் அவிக்கையில் கிழங்கிலுள்ள கட்டல்பால் என்னும் சேர்மம் பெரிதும் குறைகிறது. சர்க்கரைகள் சிதைந்து புதிய சேர்மங்களும் கருநிறமும் தோன்றுகின்றன.

மருந்துக் கூட்டின் வரலாற்றிலும் இம்மாற்றத்தின் தடம் உண்டு. ஹான் காலத்துச் 'ஷென்சி' மாத்திரை உலர்ந்த திஹுவாங்கோடு குய்ஜி, ஃபூஸி ஆகிய வெம்மை மருந்துகளையும் கொண்டது. சோங் காலத்துக் குழந்தை மருத்துவர் ச்சியன் யீ அவ்விரு வெம்மை மருந்துகளையும் நீக்கிக் குழந்தைகளுக்கு உரிய மாத்திரையை அமைத்தார்; அவர் கூட்டில் இடம்பெறுவது அவித்த திஹுவாங். 'லியூவெய் திஹுவாங்' என இன்றும் பெருவழக்கிலுள்ள மாத்திரை அதுவே.

இதன் மறுதலையும் நிகழ்வதுண்டு. தியன்நான்சிங் என்னும் கிழங்கு இளவெம்மையுடையது. எருதின் பித்தநீரோடு சேர்த்துப் பதப்படுத்தினால் அது தண்மையுடைய வேறொரு மருந்தாகிறது, பெயரும் மாறிவிடுகிறது.

ஃபூஸி: நஞ்சும் மருந்தும்

வெம்மை மூலிகைகளுள் தலையாயது ஃபூஸி. அக்கோனைட்டம் கார்மைக்கேலி என்னும் செடியின் தாய்க்கிழங்கைச் சுற்றிக் கிளைக்கும் பக்கக்கிழங்கு இது. தாய்க்கிழங்கு 'ச்சுவான்வூ' என்னும் வேறு மருந்து. சீன அரசின் மருந்துத் தரநூல் ஃபூஸியைப் பெருவெம்மையுடையது, நச்சுடையது என ஒருசேரக் குறிக்கிறது. 'ஷென்னோங்' நூலும் இதனைக் கீழ்த்தரத்திலேயே வைத்தது. இருந்தும், உயிர் நீங்கும் தறுவாயில் கைகால் சில்லிட்டு நாடி மறையும் நோயாளிக்கு முதலில் நாடப்பட்ட மருந்து இதுவே.

ஹான் காலத்து இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்கின் 'ஷாங்ஹான் லுன்' இவ்வாறான நிலைக்கு 'ஸுநி' குடிநீரைக் கூறுகிறது. வாட்டிய அதிமதுரம் இரண்டு லியாங், உலர்ந்த இஞ்சி ஒன்றரை லியாங், தோல் நீக்கி எட்டுத் துண்டாக உடைத்த பச்சை ஃபூஸி ஒன்று ஆகியவை அதன் சரக்குகள். 'பச்சை' என்பது இங்கு நெருப்பில் சுடப்படாதது என்னும் பொருளது. மூன்று ஷெங் நீரில் இட்டுக் காய்ச்சி ஒன்றேகால் ஷெங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஐந்தில் இரண்டு பங்காக வற்றியதும் வடித்து இருவேளை வெதுவெதுப்பாக அருந்த வேண்டும். அதே நூலின் 'ஜென்வூ' குடிநீரில் இடம்பெறுவதோ சுட்ட ஃபூஸி. உடனடி மீட்புக்குச் சுடாததும், நிதானமான வெம்மைக்குச் சுட்டதும் எனத் தேர்வு செய்ததைக் காணமுடிகிறது. கடிகாரம் இல்லாத காலத்தில் வற்றும் நீரே கொதிக்கும் நேரத்தை அளந்தது. நாலொன்றாக, எட்டொன்றாக வற்றவைக்கும் சித்த மருத்துவக் குடிநீர் முறையை அறிந்தவர்க்கு இக்கணக்குப் புதிதன்று.

அக்கொதிப்பில் நிகழ்வது என்ன என்பதை இன்று தெளிவாகச் சொல்லமுடியும். ஃபூஸியின் நஞ்சு அக்கோனிட்டினும் அதனை ஒத்த இரட்டை எஸ்டர் காரப்போலிகளும் ஆகும். இவை நரம்பிலும் இதயத்தசையிலும் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கின்றன. உதடும் நாவும் மரத்தல், கைகால் திமிர்த்தல், குமட்டல், பின்னர் இதயத்துடிப்பு தாறுமாறாதல் என நச்சு வெளிப்படும். சில மில்லிகிராம் அக்கோனிட்டினே உயிரைப் போக்க வல்லது. அதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. நீரில் நெடுநேரம் கொதிக்கையில் இம்மூலக்கூறு முதலில் அசிட்டைல் தொகுதியையும் பின்னர் பென்சாயில் தொகுதியையும் இழந்து, நச்சுத்தன்மை பன்மடங்கு குறைந்த அக்கோனினாகிறது. ஆனால் ஃபூஸியிலுள்ள ஹிஜெனமின் என்னும் சேர்மம் இதயத்தைத் தூண்ட வல்லது. கொதிப்பால் எளிதில் அழியாதது. நஞ்சு குறைந்தபின்னும் மருந்து எஞ்சுவதற்கு இது ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது.

ஃபூஸிக்குப் பெயர்பெற்ற இடம் சிச்சுவான் மாநிலத்தின் ஜியாங்யோவ். சூன் இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை கிழங்கு அகழப்படுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க அப்பருவத்தில் பச்சைக் கிழங்கு விரைவில் அழுகும். ஆகவே மெக்னீசியம் குளோரைடு மிக்க கசப்பு உப்புநீரில் உடனே ஊறவைப்பர். இது கெடாமல் காக்கும் வழியாகவும் நஞ்சைக் கரைத்து வெளியேற்றும் வழியாகவும் அமைகிறது. அதன்பின் தரநூல் காட்டும் பக்குவங்கள் பிரிகின்றன. கறுப்பு வில்லைக்கு, உப்புநீரோடு உள்வரை வேகவைத்து, தோலோடு நெடுக்குவாட்டில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தடிப்பில் நறுக்கி, நீரில் அலசி, பழுப்புச் சர்க்கரையும் தாவர எண்ணெயும் கொண்டு தேநீர் நிறமேற்றி, எண்ணெய்ப் பளபளப்பு வரும்வரை அவித்து உலர்த்துவர். வெள்ளை வில்லைக்குத் தோல் நீக்கப்படும், நிறமேற்றுவதில்லை. உப்பிட்ட கிழங்கை அலசி அதிமதுரத்தோடும் கறுப்புச் சோயா மொச்சையோடும் வேகவைக்கும் முறையும் உண்டு. இம்முறையில் பக்குவம் அறியும் கருவி நாக்கு. நறுக்கிச் சுவைக்கையில் நாவில் மரத்தல் உணர்வு இருக்கக்கூடாது என்கிறது தரநூல். நச்சின் முதல் அறிகுறியே அதன் அளவுகோலாகவும் ஆயிற்று.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் பக்குவம் முடிவதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய வில்லையை மற்றச் சரக்குகளைச் சேர்ப்பதற்கு முன்னரே தனியே நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்பது தரநூலின் ஆணை. ஆக, நஞ்சை நீக்கும் பொறுப்பின் ஒரு பகுதி மருந்தாளரிடமிருந்து நோயாளியின் வீட்டு அடுப்புக்கு மாற்றப்படுகிறது. நச்சுச் செய்திகள் எழுவதும் இவ்விடத்தில்தான்: போதிய நேரம் கொதிக்காத குடிநீர், சுடாத கிழங்கைக் கலந்த கூட்டு, அளவு மீறல் ஆகியன. சாராயத்தில் ஊறவைத்து அருந்துதல் இன்னும் கேடானது. கொதிப்பு என்னும் படியே அதில் இல்லாததால் காரப்போலிகள் சிதையாமல் கரைந்துவருகின்றன. ஹாங்காங் அரசு 1999இல் இயற்றிய சீன மருத்துவச் சட்டத்தின் முதல் அட்டவணை 31 நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. அதில் இடம்பெறுவது பதப்படுத்தாத ஃபூஸி. சட்டமும் தாவரத்தையன்றிப் பக்குவத்தையே எல்லையாகக் கொண்டுள்ளது என்பது கருதத்தக்கது.

மரபுக்குள்ளேயே இம்மருந்து பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. 1869இல் 'யீலி ஜென்ச்சுவான்' நூலை எழுதிய சிச்சுவான் மருத்துவர் ஜெங் ச்சின்அன் (1824–1911) வழிவந்தோர் ஃபூஸியைப் பேரளவில் கையாண்டனர். அவர்கள் 'நெருப்புத் தெய்வப் பள்ளி' எனப்பட்டனர். தரநூலோ 3 முதல் 15 கிராம் வரை என வரம்பிடுகிறது. ஃபூஸியோடு பான்சியா சேரக்கூடாதென்றும் தரநூல் கூறுகிறது. ஜாங் ஜோங்ஜிங்கின் மரபில் வந்த 'ஜின்குய்' நூலிலேயே இவ்விரண்டும் சேர்ந்த குடிநீர் ஒன்று உள்ளது. பழமையை மட்டுமே சான்றாகக் காட்டுவோர் எந்தப் பழமையைக் காட்டுவது என்பதையும் சொல்லவேண்டியவராகின்றனர்.

அடுப்பில் நிகழும் பக்குவம்

கொதிநேரம் எல்லா வெம்மை மருந்துக்கும் ஒன்றன்று. ரோவ்குய் என்னும் சீன இலவங்கப்பட்டையும் பெருவெம்மையுடையதே. ஆனால் அதன் ஆற்றல் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. எனவே அது இறக்குவதற்குச் சற்று முன்னரே இடப்படும், அல்லது பொடியாகக் குடிநீரில் கலந்து தரப்படும். ஃபூஸியும் ரோவ்குய்யும் ஒரே குடிநீரில் சேரும்போது ஒன்று அடுப்பில் முதலில் ஏறுகிறது, மற்றது இறுதியில். அதே மரத்தின் இளங்கிளை குய்ஜி. அது வெம்மை குறைந்தது, மேற்புற நோய்க்குரியது.

குய்ஜியால் பெயர்பெற்ற குடிநீருக்கு 'ஷாங்ஹான் லுன்' தரும் குறிப்பு மருந்துண்ணும் முறையையும் பக்குவத்தின் பகுதியாக்குகிறது. ஏழு ஷெங் நீரை மெல்லிய தீயில் மூன்று ஷெங்காக வற்றவைத்து, ஒரு ஷெங் அருந்தி, சற்று நேரத்தில் சூடான நீர்த்த அரிசிக்கஞ்சி ஒரு ஷெங்குக்கு மேல் குடித்து, போர்த்திப் படுக்க வேண்டும். உடல் முழுதும் இலேசாக வியர்த்தால் போதும். ஆறாகப் பெருகினால் நோய் நீங்காது. கஞ்சியும் போர்வையும் இன்றி மருந்துச்சரக்கை மட்டும் மாத்திரையாக்கித் தரும் இக்கால வழக்கம் அதே மருந்தைத்தான் தருகிறதா என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது.

தமிழில் பெயர்க்கும்போது

உள்ளுறுப்பை வெம்மைப்படுத்தும் சீன மருந்துகளின் வரிசையில் மிளகு, திப்பிலி, கிராம்பு, பெருஞ்சீரகம், சிற்றரத்தை ஆகியன உள்ளன. திப்பிலியின் சீனப் பெயரான 'பிபா' பிப்பலி என்னும் இந்தியச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. மிளகின் பெயரிலுள்ள 'ஹு' அயலாரைக் குறிப்பது. சிற்றரத்தையோ எதிர்த்திசையில் வந்தது: அல்பினியா அஃபிசினாரம் தென்சீனத்துக்கு உரியது, அதன் சீனப் பெயரின் முதற்பகுதியான 'கவ்லியாங்' குவாங்தோங்கைச் சேர்ந்த பழைய ஊர்ப்பெயர். பொருள்கள் இவ்வாறு கடல்கடந்து மாறியமையால், சீனப் பட்டியலை நம் மருந்துப் பெயர்களால் நேராக நிரப்பிவிடலாம் என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது. இது பல இடங்களில் பொருந்தும். சில இடங்களில் பிழைபடும்.

கான்ஜியாங்கைச் 'சுக்கு' என்பது பொருந்தும்; 'இஞ்சி' என்பது பொருந்தாது. ரோவ்குய்யை இலவங்கப்பட்டை எனலாம். ஆனால் அது இலங்கைக் கறுவாவன்று. சின்னமோமம் கேசியா என்னும் வேறு மரத்தின் பட்டை, கூமரின் மிகுந்தது. சீன நூல்களின் நான்கு தன்மைகளைச் சித்த மருத்துவத்தின் வீரியத்தோடு ஒப்பிடலாம். ஆனால் சித்த மருத்துவம் வீரியத்தை வெப்பம், தட்பம் என இரண்டாகவே பகுக்கும். இளவெம்மையை வெப்பம் என்றே பெயர்த்துவிட்டால் பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் சீனர் கண்ட வேறுபாடு மறைந்துபோகும்.

எல்லாவற்றினும் கவனம் வேண்டுவது ஃபூஸியை 'நாபி' எனப் பெயர்த்தல். நம் மரபில் வழங்கும் வச்சநாபி இமயப் பகுதியின் அக்கோனைட்டம் ஃபெரோக்ஸ். அதன் முதன்மை நஞ்சு சூடக்கோனிட்டின். அது கொடிய வகையைச் சார்ந்தது. அதற்குரிய சுத்திமுறை கோமூத்திரத்தில் ஊறவைத்தல் முதலியன; உப்புநீரும் மணிக்கணக்கான கொதிப்பும் கொண்ட சீனப் பக்குவத்தின் வழி வேறு. இனமும் நஞ்சும் பக்குவமும் வேறாக இருக்க, 3 முதல் 15 கிராம் என்னும் சீனத் தரநூலின் அளவு 'நாபி' என்னும் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ் அட்டவணையில் அச்சாகுமானால் அதை நம்பி உண்பவர் பிழைப்பது அரிது. ஃபூஸியை ஃபூஸி என்றே எழுதி, எந்தப் பக்குவத்தது என்பதையும் முன்கொதிப்பு வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்த்தல் வேண்டும். அளவு அப்பக்குவத்துக்கு மட்டுமே உரியது.